காய் விடும் உரிமை

சென்ற இதழில், கதைகளில் வரும் நண்பர்களைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பலவும் ஒரே இடத்தைத் தொட்டிருந்தன: உடல் குறையோ, மற்றவர்கள் திரும்பிப் பார்க்கும் முகமோ உள்ள நண்பன். அதனால் இந்த மாதம் அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில்.

ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ஆர். ஜே. பலாசியோவின் ‘வொண்டர்’ நாவலைப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்தோம். முக அமைப்பு மாறிப் பிறந்த ஆகி என்ற பத்து வயதுப் பையன் முதல்முறையாகப் பள்ளிக்கூடம் போகும் கதை. கடைசியில் அவனுக்குப் பதக்கம் கொடுத்து, எல்லோரும் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். ஒரு மாணவி, “அவன் ஸ்கூலுக்குத்தானே மிஸ் வந்தான், அதுக்கு எதுக்கு மெடல்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.
— ஆசிரியை, திருவாரூர்

அந்த மாணவிக்கு என் சார்பில் ஒரு நல்ல பேனா வாங்கிக் கொடுங்கள். அவள் கேட்டது சரியான கேள்வி.

பதக்கம் பெரியவர்கள் கொடுப்பது. அதை வைத்து இந்தக் கதையை அளக்க வேண்டாம். 2012இல் வந்த இந்த நாவலில் நட்பு உயிரோடு இருக்கும் இடம் வேறு. ஹாலோவீன் நாளன்று எல்லாப் பிள்ளைகளும் வேஷம் கட்டி வருகிறார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் ஆகி தலை நிமிர்ந்து நடக்கும் நாள். முகமூடி போட்டால் யாரும் அவனை வெறித்துப் பார்ப்பதில்லை. போடப்போவதாக இருந்த வேஷத்தை விட்டுவிட்டு அவன் வேறொன்றில் வருகிறான். அவன் நிற்பது தெரியாமல், அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசிய ஜாக், மற்ற பையன்களிடம், எனக்கு அப்படி ஒரு முகம் இருந்தால் செத்தே போவேன் என்கிற மாதிரி சொல்லிவிடுகிறான்.

அப்புறம் ஆகி என்ன செய்கிறான்? ஜாக்கோடு பேச்சை நிறுத்திவிடுகிறான். காரணமும் சொல்வதில்லை. நம் பிள்ளைகள் பாஷையில் காய் விட்டுவிடுகிறான். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் ஜாக் தவிக்கிறான், கோபப்படுகிறான், யோசிக்கிறான். கடைசியில் விஷயம் புரிந்த கணத்தில், ஆகியைப் பற்றி இளக்காரமாகப் பேசிய ஜூலியனின் முகத்தில் ஒரு குத்து விடுகிறான். இந்தப் பக்கங்களுக்காக நான் இந்த நாவலுக்கு என்றைக்கும் கடமைப்பட்டிருப்பேன். ஏனென்றால் ஊனமுள்ள பிள்ளையைக் கதைகள் பெரும்பாலும் காய் விட விடுவதில்லை. யார் வந்து பேசினாலும் அவன் நன்றியோடு சிரிக்க வேண்டும். ஒருவன் தன்னோடு சேர்ந்து சாப்பிட்டதே பெரிய வரம் என்று நினைக்க வேண்டும். காய் விட முடியாதவன் பழம் விடுவதற்கு என்ன மதிப்பு? அவன் நண்பன் இல்லை, மற்றவர்களுடைய நல்ல குணத்துக்கு வைத்த பரீட்சை.

ஜாக் தன் வாயால் கதை சொல்லும் பகுதியையும் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். அந்த முகம் பழகிவிட்டது, அவன் வேடிக்கையாகப் பேசுகிறான், வகுப்பில் யாரோடு சுற்றலாம் என்று கேட்டால் அவனைத்தான் சொல்வேன் என்கிறான். இவற்றில் இரக்கம் என்று ஒன்றுமே இல்லை. அதற்கு நேர் எதிரே ஜூலியனின் அம்மா. வகுப்புப் புகைப்படத்தில் ஆகியைக் கணினியில் அழித்துவிட்டு மாட்டிவைத்துக்கொள்கிறார். பிள்ளைகளிடம் பதக்கத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். ஆகி இடத்தில் நீ இருந்தால் ஜாக்குக்கு எப்போது பழம் விட்டிருப்பாய் என்று கேளுங்கள். அன்றைக்கு உங்கள் வகுப்பில் மணி அடித்தாலும் யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

என் மகளுக்கு ஒன்பது வயது. சக்கர நாற்காலியில்தான் இருக்கிறாள். ‘ஹைடி’ கதையைப் படித்துக் காட்டினேன். “கிளாரா ஏம்மா நடக்கணும்? நடக்காட்டி ஹைடி அவளோட விளையாட மாட்டாளா?” என்று கேட்டுவிட்டு அழுதாள். இனி அந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாமா?
— ஒரு தாய், நாமக்கல்

கொடுக்கலாம், ஆனால் நீங்கள் கூட இருந்து.

ஸ்விட்சர்லாந்தின் யொஹன்னா ஸ்பிரி அந்தக் கதையை 1880, 1881 ஆண்டுகளில் இரண்டு பாகமாக எழுதினார். நல்ல காற்றும் ஆட்டுப்பாலும் மலையும் சேர்ந்தால் தீராத நோயும் தீரும் என்ற நம்பிக்கை அன்று பலமாக இருந்தது. பிராங்க்ஃபர்ட்டின் மூடிய வீட்டில் சக்கர நாற்காலியில் இருந்த கிளாரா, தோழி ஹைடி வாழும் மலைக்கு வருகிறாள், தேறுகிறாள், நடக்கிறாள். அதற்கு முன்னால் ஆடு மேய்க்கும் பீட்டர், தன் ஹைடியை இவள் பறித்துக்கொண்டாளே என்ற பொறாமையில் அவளுடைய நாற்காலியை மலைச்சரிவில் உருட்டிவிடுகிறான். அது சுக்குநூறாகிறது. கதை அதையே நல்லதுக்கு நடந்ததாக ஆக்கிவிடுகிறது. உங்கள் மகளுக்கு நாற்காலிதான் கால். ஒருவர் காலை உடைத்துவிட்டு, அதனால்தான் நன்மை வந்தது என்று சொன்னால் அவளுக்கு அழுகை வராமல் என்ன செய்யும்?

ஆனால் அதே இடத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. நாற்காலி போய்விட்டது, கிளாரா இன்னும் நடக்கவில்லை. புல்வெளியில் அவளை உட்காரவைத்துவிட்டு ஹைடி பூக்களைப் பார்க்க ஓடுகிறாள். துணைக்கு ஒரு சின்ன ஆட்டுக்குட்டியையும், அதற்குக் கொடுக்கக் கொஞ்சம் இலையையும் விட்டுவிட்டுப் போகிறாள். குட்டி கிளாராவை ஒட்டிக்கொண்டு அவள் கையிலிருந்து தின்கிறது. அப்போதுதான் அவளுக்கு முதல்முறையாகத் தோன்றுகிறது: எப்போதும் பிறர் உதவியை வாங்கிக்கொண்டே இருக்காமல், நானும் ஒருவருக்கு உதவ வேண்டும், என் விருப்பப்படி இருக்க வேண்டும். இது அவள் நடக்கத் தொடங்குவதற்கு முன்னால் வரும் எண்ணம் என்பதைக் கவனியுங்கள். கால் வருவதற்கு முன்பே அவளுக்கு ஆசை வந்துவிட்டது.

அந்தப் பக்கத்தை மகளுக்கு மறுபடி படித்துக் காட்டுங்கள். அதோடு புத்தகத்தை மூடிவிட்டு, அதற்கு மேல் கதையை அவளையே சொல்லச் சொல்லுங்கள். நாற்காலியை உடைத்த பீட்டருக்கு அவள் என்ன தண்டனை கொடுக்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள். ஸ்பிரியின் கதையில் கிளாராவின் பாட்டி அவனை மன்னித்து, வாராவாரம் காசும் கொடுக்கிறார். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

பார்வையில்லாதவர்தான் மனதைப் பார்ப்பார் என்று எல்லாக் கதையிலும் வருகிறதே, அது உண்மையா?
— பார்வையற்ற வங்கி ஊழியர், திருச்சி

நீங்களே சிரித்துக்கொண்டுதான் கேட்டிருப்பீர்கள். இதற்கெல்லாம் பெரிய முன்னோடி மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கென்ஸ்டைன்’, 1818. ஒரு விஞ்ஞானி உருவாக்கி உயிர் கொடுத்து, கோரமான உருவம் என்று எல்லோரும் விரட்டும் அந்தப் படைப்பு, காட்டோரக் குடிசையில் வாழும் ஒரு குடும்பத்தை மறைந்திருந்து பார்க்கிறது. இரவில் அவர்களுக்கு விறகு வெட்டிப் போடுகிறது, பாதையில் கிடக்கும் பனியை அள்ளி ஒதுக்குகிறது. குடும்பத்தின் பெரியவர் டி லேசிக்குப் பார்வை இல்லை. அவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்து உள்ளே போய்ப் பேசுகிறது. பெரியவர் அன்பாகப் பேசுகிறார். மகன் வருகிறான், கண்ணால் பார்க்கிறான், தடியால் அடிக்கிறான்.

ஆனால் பெரியவர் கேட்கும் ஒரு கேள்வியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். உன் பேச்சை வைத்துப் பார்த்தால் நீ என் நாட்டுக்காரன் போலிருக்கிறதே, பிரெஞ்சுக்காரனா என்கிறார். அவருக்கும் ஒரு அளவுகோல் இருக்கிறது. முகத்துக்குப் பதில் மொழி. அந்த மொழியையும் அது அந்த வீட்டின் சுவரோரம் நின்று கேட்டுத்தான் கற்றுக்கொண்டது. ஷெல்லிக்கு இது தெரிந்திருந்தது. அவரைப் பார்த்து எழுதியவர்கள்தான் விட்டுவிட்டார்கள். குரலை வைத்து, உச்சரிப்பை வைத்து, பேச்சில் தெரியும் படிப்பை வைத்து ஆளை எடைபோடப் பார்வையற்றவருக்கும் தெரியும். அவரை மகானாக்கிவிட்டால் அவரிடம் யாரும் சண்டை போட முடியாது, அவரும் யாரிடமும் போட முடியாது.

ஜான் ஸ்டைன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ எங்களுக்குப் பாடம். மன வளர்ச்சி குன்றிய நண்பன் லென்னியை ஜார்ஜ் சுட்டுக் கொல்வது நட்பின் உச்சம், தியாகம் என்று வகுப்பில் சொன்னார்கள். எனக்கு ஒப்பவில்லை. பரீட்சையில் எப்படி எழுதுவது?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

ஒப்பவில்லை என்பதையே எழுதுங்கள், ஆனால் பக்கம் பக்கமாகச் சான்று காட்டி எழுதுங்கள்.

1937இல் வந்த சின்ன நாவல். கலிபோர்னியாவில் சாலினாஸ் ஆற்றுப் பக்கம், பண்ணை பண்ணையாகக் கூலிக்குப் போகும் இரண்டு பேர். லென்னி பெரிய உருவம், அபார பலம், குழந்தை மனது. மெத்தென்று இருப்பதைத் தடவிப் பார்க்க ஆசை, தடவினால் நசுங்கிவிடும். சொந்தமாக நிலம் வாங்கி முயல் வளர்க்கலாம் என்று இரண்டு பேரும் கனவு காண்கிறார்கள். கடைசியில் பண்ணைக்காரர் மகனின் மனைவி லென்னி கையில் தவறிப்போய் இறக்கிறாள். விரட்டி வரும் கூட்டத்தின் கையில் அவன் அகப்படும் முன், ஜார்ஜ் அவனை ஆற்றுப் பக்கம் பார்க்கச் சொல்லி, முயல் கதையைப் பேசிக்கொண்டே பின்தலையில் சுடுகிறான்.

அதே துப்பாக்கி முன்பு ஒரு முறை வெடித்திருக்கிறது. கேண்டி என்ற கிழவர், எந்திரத்தில் ஒரு கையைப் பறிகொடுத்து 250 டாலர் நஷ்டஈடு வாங்கிக்கொண்டு, பண்ணையைப் பெருக்கிக் காலம் தள்ளுபவர். அவருடைய கிழட்டு நாயை, நாற்றம் தாங்கவில்லை, அதற்கும் கஷ்டம்தானே என்று சொல்லி வெளியே கூட்டிப்போய்ச் சுட்டுவிடுகிறார்கள். இனி வேலைக்கு ஆகாது என்று ஆனபின் தனக்கும் அதே கதிதான் என்று கேண்டிக்குப் புரிகிறது. ஸ்டைன்பெக் இதையெல்லாம் கண்ணைத் திறந்துகொண்டுதான் எழுதியிருக்கிறார். ஆனாலும் கொல்வதைத் தவிர வேறு கருணை இல்லை என்று தோன்றும்படி ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வருகிறார். லென்னியை மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. என் சண்டை அங்கேதான்.

இதைச் சொல்லும்போது முதல் அத்தியாயத்தையும் மறக்காதீர்கள். ஜார்ஜ் எரிந்து விழுகிறான். லென்னி, நான் வேண்டாம் என்றால் சொல்லிவிடு, மலைப்பக்கம் போய் ஏதாவது குகையில் இருந்துகொள்கிறேன் என்கிறான். தன் கை ஓங்கிவிட்டது என்று தெரிந்தே அவன் அதைச் சொல்வதாக ஸ்டைன்பெக் எழுதுகிறார். ஜார்ஜ் உடனே இறங்கி வருகிறான். அது காய் விடுவதாக மிரட்டுவது! புத்தி இல்லாதவன் என்று எல்லோரும் முடிவுகட்டியவன், தன் நண்பனை எங்கே தொட்டால் இளகுவான் என்று தெரிந்து வைத்திருக்கிறான். இந்த லென்னி எனக்குப் பிடித்தவன்.

குரூக்ஸையும் விடாதீர்கள். குதிரை லாயத்தை ஒட்டிய அறையில் தனியாக ஒதுக்கப்பட்ட கறுப்பினத்தவர், குதிரை உதைத்து முதுகு வளைந்தவர். அவர் அலமாரியில் கிழிந்த அகராதி ஒன்றும், 1905ஆம் ஆண்டின் கலிபோர்னியா சிவில் சட்டப் புத்தகமும் இருக்கின்றன. முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, உன் நண்பன் திரும்பி வராமல் போனால் என்ன செய்வாய் என்று லென்னியைச் சீண்டிச் சீண்டி வதைக்கிறார். பாவப்பட்டவர், ஆனால் அந்த நேரத்தில் கொடுமைக்காரர். ஒரே ஆளில் இரண்டையும் வைக்கத் துணிவு வேண்டும்.

கதையோடு இது நிற்கவில்லை. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவருக்கு மரண தண்டனை கூடாது என்று 2002இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யாருக்குக் குறைபாடு என்று எப்படி முடிவுசெய்வது? 2004இல் டெக்சாஸின் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் லென்னியை உதாரணம் காட்டியது. லென்னி போன்றவருக்கு விலக்கு தரலாம் என்று டெக்சாஸ் மக்களில் பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்லி, தானே வகுத்த சில கேள்விகளையும் வைத்தது. பொய் சொல்லத் தெரியுமா, திட்டம் போடத் தெரியுமா என்ற மாதிரிக் கேள்விகள். மருத்துவ அளவுகோலை ஓரம் தள்ளிவிட்டு, கதையில் பார்த்த மாதிரி இருக்கிறாரா என்று நிஜ மனிதரைப் பார்த்தார்கள். 2012இல் அங்கே ஒருவருக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டபோது, ஸ்டைன்பெக்கின் மகன் தாமஸ், என் அப்பா இருந்திருந்தால் தன் எழுத்து இப்படிப் பயன்படுவதைக் கண்டு கோபமும் அவமானமும் பட்டிருப்பார் என்று சொன்னார். 2017இல்தான் உச்ச நீதிமன்றம் அந்த அளவுகோலைத் தள்ளுபடி செய்தது. மன வளர்ச்சி குன்றியவர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்று ஒரு கதை மனதில் பதித்துவிட்டால் அது எத்தனை தூரம் போகும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? உங்கள் விடைத்தாளில் இதையும் எழுதுங்கள்.

‘உருவுகண்டு எள்ளாமை வேண்டும்’ என்று வள்ளுவர் சொன்ன பிறகு இதில் பேச என்ன இருக்கிறது?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

ஐயா, வணக்கம். அந்தக் குறள் வினைத்திட்பம் அதிகாரத்தில் வருகிறது. உருளும் பெரிய தேருக்கு அச்சாணி போன்றவரும் உண்டு, ஆகவே எள்ளாதே. செயலைப் பற்றிய அதிகாரத்துக்கு அது பொருத்தம். நட்புக்குப் போதாது. எந்தத் தேரையும் தாங்காதவரை எள்ளலாமா? உடம்பில் ஒன்று குறைந்தால் வேறொன்றில் அசகாயசூரன் என்று காட்டியே தீரவேண்டும் என நம் கதைகள் அடம்பிடிக்கின்றன. கால் இல்லாதவன் கணக்கில் புலி, பேசாதவள் ஓவியத்தில் மேதை. ஒன்றிலும் மேதையாக இல்லாத ஒருவனுக்கு நண்பன் கிடைக்கக் கூடாதா?

நட்பு அதிகாரத்திலேயே எனக்குப் பிடித்தது ‘நகுதற் பொருட்டன்று நட்டல் மிகுதிக்கண் மேற்சென்று இடித்தற் பொருட்டு’. 1911இல் வந்த ‘தி சீக்ரெட் கார்டன்’ நாவலில் இதை அப்படியே பார்க்கலாம். முதுகில் கூன் விழப்போகிறது, நான் சாகப்போகிறேன் என்று படுக்கையிலேயே கிடக்கும் காலின் என்ற பையன் இரவில் கத்திக் கூப்பாடு போடுகிறான். வீடே நடுங்குகிறது. மேரி என்ற சிறுமி உள்ளே நுழைந்து அவனைவிடச் சத்தமாகக் கத்துகிறாள். முதுகைத் திருப்பச் சொல்லி, மேலும் கீழும் பார்த்துவிட்டு, குண்டூசி அளவு கட்டிகூட இல்லை என்கிறாள். அவனைத் திட்டலாம் என்று அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் கதையும் அவனை நடக்கவைத்துத்தான் முடிகிறது என்பது என் வருத்தம். ஆனால் மேரி இடித்த இடி நல்ல இடி.

போலியோவால் கால் பாதித்த பத்து வயதுப் பையனும் அவன் நண்பனும் என்று ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை இன்றைய சென்னையில் நடக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?
— புதிய எழுத்தாளர், ஆவடி

முதலில் காலத்தை. இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தையைத் தாக்கியது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். 2014 மார்ச்சில் நாடு போலியோ இல்லாததாகச் சான்று பெற்றது. இன்று பத்து வயது என்றால் உங்கள் பையனுக்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும்: பெருமூளை வாதம், தசைச் சிதைவு, விபத்து. ஒவ்வொன்றிலும் நடை வேறு, களைப்பு வேறு. அல்லது கதையை என் காலத்துக்குக் கொண்டுபோங்கள்.

எனக்கு ஒன்றரை வயதில் போலியோ. வலது காலில் தொடை வரைக்கும் காலிப்பர். இரண்டு பக்கமும் கம்பி, தொடையில் தோல் பட்டை, கீழே பூட்ஸ். முழங்காலுக்கு நேராகக் கம்பிக்கு ஒன்றாக இரண்டு வளையம். எழுந்து நின்றதும் வளையம் இறங்கி ‘டக்’கென்று விழுந்தால்தான் கால் நிற்கும். உட்கார வேண்டுமென்றால் இரண்டையும் மேலே தூக்கிவிட வேண்டும், பாவாடைக்கு மேலாகவே தடவி. மழையில் நனைந்தால் பட்டை விறைத்துக்கொண்டு தொடையை அறுக்கும். கல்லூரிக்குப் போகும் பேருந்தில் இடம் கிடைத்தால், நான் வளையத்தைத் தூக்கி உட்காரும் வரை என் தோழி ஒருத்தி பின்னால் வருபவர்களை முதுகாலேயே தடுத்துக்கொண்டு நிற்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். துணி வளையத்தில் மாட்டிக் கிழிந்தால் மட்டும், “இதுக்குப் போய் புதுசைக் கட்டிட்டு வந்தியா?” என்று ஊர் கேட்கத் திட்டுவாள். அவளுடைய காதல் கடிதங்களுக்கு எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தது நான். அந்தப் பையன் சரியில்லை என்று சொன்னதற்கு ஒரு தேர்வுக்காலம் முழுக்க என்னோடு பேசாமல் இருந்தாள். பேருந்தில் மட்டும் வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

உங்கள் கதையில் நல்ல நண்பன் எப்படிப்பட்டவன் என்று மூன்று பத்தி எழுதியிருக்கிறீர்கள். கால் பாதித்த பையனுக்கு அவனிடம் என்ன வேண்டும், எதில் அவன்மேல் கடுப்பு என்று ஒரு வரிகூட இல்லை. அங்கிருந்து தொடங்குங்கள்.

நான் நாலடி உயரம்கூட இல்லை. பள்ளியிலிருந்து என் நண்பர்கள் என்னைக் ‘குள்ளா’ என்றுதான் கூப்பிடுவார்கள், எனக்கு அதில் வருத்தமே இல்லை. அதை வைத்து எழுதிய கதையை ஒரு பத்திரிகை, உருவக்கேலி என்று திருப்பி அனுப்பிவிட்டது. கதையை இணைத்திருக்கிறேன்.
— கணினி மையம் நடத்துபவர், தேனி

படித்தேன். 2024 ஜூலையில் நம் உச்ச நீதிமன்றம், ‘ஆங்க் மிச்சோலி’ என்ற இந்திப் படத்தைப் பற்றிய வழக்கில் ஒரு வித்தியாசத்தைச் சொன்னது. ஊனத்தை நன்றாகப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, ஊனமுள்ளவரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு. திரைக்குச் சொன்னது கதைக்கும் பொருந்தும். உங்கள் வாழ்க்கையில் அந்தப் பெயர் முதல் வகை. கதையில் அது இரண்டாவது வகையாகிவிட்டது. காரணம் சொல்கிறேன்.

நண்பர்கள் நாலு பேரும் நாயகனைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அந்த நாலு பேருக்கும் பட்டப்பெயரே இல்லை. நிஜத்தில் அப்படியா? ஒரு சொட்டை, ஒரு தொந்தி, ஒரு பல்லன் என்று நீங்களும் வைத்திருப்பீர்களே! அவற்றையும் கதைக்குள் விடுங்கள், நாயகன் வாயால். அடுத்து, மூன்றாம் பக்கத்தில் கல்யாண வீட்டுப் பந்தியில், முன்பின் தெரியாத ஒருவர் அதே பெயரைச் சொல்லி இலையை நகர்த்தச் சொல்கிறார். நாயகன் சிரித்தான் என்று எழுதி முடித்துவிட்டீர்கள். அது உங்களுக்கு நடந்ததென்றால், அன்றைக்கு உங்களுக்குச் சிரிப்பா வந்தது? நண்பர்கள் அந்தப் பந்தியில்தானே உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் என்ன செய்தார்கள்? அந்த ஒரு பக்கத்தை மட்டும் மாற்றி எழுதி எங்களுக்கே அனுப்புங்கள். அடுத்த மாதச் சிறுகதைக்கு இன்னும் இடம் இருக்கிறது.